துண்டு மூடிய தொட்டி

மனைவி இறந்துபோனதிலிருந்து முகம் தொங்கிக் கிடக்கும் எனக்கு, "ரூம்ல ஒரு செடி வைங்க சார், மனசு தேறும்" என்றார் டாக்டர்.

செடிக்கு அவ்வளவு சக்தி உண்டா என்று சந்தேகம்தான். ஆனாலும் இன்று மன்னார்புரத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வாங்கி, வெயில் படாமல் துண்டால் மூடி, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன்.

நிற்கவே இடமில்லை. நாமம் போட்ட ஒருவர் சட்டென்று எழுந்தார்.

"துளசியா ஸ்வாமி? உக்காருங்கோ. தாயாரைக் கீழே வைக்கப்படாது."

இல்லை என்றால் இடம் போய்விடுமே. உட்கார்ந்துவிட்டேன்.

காவிரிப் பாலத்தில் அவர் குனிந்து, "பெருமாளைச் சேவிக்கப் போறேன். ரெண்டு துளசி தளம் கிடைக்குமா?" என்று கை நீட்டினார்.

வேறு வழியில்லாமல் துண்டை விலக்கினேன். சிவப்பும் மஞ்சளுமாக இலைகள் எட்டிப் பார்த்தன.

"குரோட்டன்ஸா! இதுக்கா ஓய் நான் இவ்வளவு தூரம் நின்னுண்டு வரேன்?"

பஸ்ஸே சிரித்தது. பல மாதங்களுக்குப் பிறகு நானும் சிரித்தேன். எழப் போனவனைத் தோளில் அழுத்தினார்.

"இருங்கோ, இருங்கோ. சிரிக்கிறவரை எழுப்பப்படாது."

தொட்டி இப்போது ஜன்னலோரம் இருக்கிறது. மனம் தேறியது உண்மை. செடியாலா, பஸ்ஸாலா என்றுதான் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும்.