இஸ்மத் உஸ்தாவின் மேட்னி

பிலிம் என்று சொன்னதுமே கண் கலங்குகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் ஒருவர்கூட சுருள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியவர் இல்லை. அலெக்சாந்திரியாவில் எங்கள் மர்ஜான் தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவள் நான். ஆபரேட்டர் இஸ்மத்தை, தொழில் தெரிந்தவர் என்ற மரியாதையில் எல்லோரும் உஸ்தா என்போம். அவரைப் பற்றி எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்.

டிஜிட்டல் வருவதற்கு முன்னால் ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டு ஓட்டும். பக்கத்துத் தெருவில் ஓடி முடிந்த சுருள் மோட்டார் சைக்கிளில் இங்கே வரும். டிராம் குறுக்கே நின்றுவிட்டால் திரை வெள்ளையாகிவிடும். "ஏமாத்து சினிமா! காசைத் திருப்பிக் குடு!" என்று மொத்தக் கூட்டமும் கத்தும். அடுத்து ஆபரேட்டரின் அம்மாவை வசவுக்கு இழுக்கும். கல்யாணமான புதிதில் படம் பார்க்க வந்த உஸ்தாவின் மனைவி கரீமான், தன் மாமியாரை ஊரே திட்டுவதைக் கேட்டுப் பாதியில் எழுந்து போனாள். அதற்குப் பிறகு புருஷன் வேலை செய்யும் தியேட்டர் பக்கமே அவள் வரவில்லை.

டிஜிட்டல் வந்த நாளிலிருந்து உஸ்தா அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "ஒரு பட்டனைத் தட்டிட்டா போதும், நானும் உன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

ஒருவழியாக இந்த ஈத் விடுமுறையில் மேட்னிக்கு வர அவள் சம்மதித்தாள். உஸ்தா சவரம் செய்து, கோட்டு போட்டு வந்திருந்தார்.

அன்றைக்கென்று கெய்ரோவிலிருந்து சினிமா ரசிகர் சங்கம் வந்து இறங்கியது, பெட்டி பெட்டியாக ஒரு பழைய பிரிண்டோடு. வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்த ஷெரீஃப்தான் தலைவர்.

"டிஜிட்டல்ல உயிரே இல்ல உஸ்தா. பிலிம்னா திரையில மூச்சு விடும்," என்றார்.

"அது மூச்சு விட்டுச்சு, எனக்குத்தான் மூச்சு போச்சு. மெஷின் விளக்குலேர்ந்து வர்ற அந்தக் கார்பன் புகைய இருமித் துப்பியே பாதி ஆயுசு கழிஞ்சுது."

"ஆஹா, கவிதை!" என்று ஒருவன் அதைப் போனில் பதிவு செய்தான். எனக்குக் கை பரபரத்தது.

முதலாளி ஹாஜி ரஷாத் பல்லிளித்தார். "டி.வி.காரங்க வர்றாங்கப்பா. மேட்னிக்கு இவங்க பிலிமையே ஓட்டு. முடியாதுன்னா மெஷின் ரூம் சாவிய வெச்சுட்டு வீட்டுக்குப் போ."

பிலிம் ஓட்ட மேலே போனால் படம் முடிகிறவரை உஸ்தா கீழே வர முடியாது. வாசலில் கரீமான் புதுத் தலைத்துணியோடு, வறுத்த விதைப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். உஸ்தா அவளை ஒரு தடவை பார்த்தார். சாவியை ஷெரீஃபின் உள்ளங்கையில் வைத்தார்.

"பெட்டி இங்க இருக்கு, படி அங்க இருக்கு. நீங்களே மூச்சு விட வைங்க, ஷெரீஃப் ஐயா."

ஒருவனுக்கு முதுகு வலி. இன்னொருவன் வெள்ளை பேண்ட். ஷெரீஃப் பெட்டியைத் திறந்தார், விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தார், மூடினார். "நாங்க ரசிகருங்கதானே," என்றார். கடைசியில் வெறுங்கையோடு மேலே போய், அந்தப் பழைய ஓட்டை உடைசல் பிலிம் மெஷின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சாவியை ஹாஜியிடம் கொடுத்துவிட்டு மீன் சாப்பிடப் போனார்கள். இவ்வளவுதான் இவர்கள் காதல்!

உள்ளே கூட்டம் தரையை மிதிக்க ஆரம்பித்துவிட்டது. ஹாஜி தானே மேலே ஓடிப் புதுப் படத்துக்குப் பட்டனைத் தட்டினார். இறங்கி வந்து, உஸ்தாவின் முகத்தைப் பார்க்காமல் சாவியை அவர் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு நழுவினார். கோழை.

நான் டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரம் படம் ஓடியது. இரண்டு வரிசை முன்னால் கரீமானோடு உட்கார்ந்திருந்த உஸ்தா திடீரென்று துள்ளி எழுந்தார்.

"உக்காருய்யா, மறைக்குது!"

உட்கார்ந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். கரீமான் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க, ஹானி அப்பா?"

"சுருள் மாத்தணும்..."

"சுருளும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உக்காருங்க. அந்த மீசைக்காரன் யாரு, அவளுக்கு அண்ணனா, புருஷனா? நீங்கதான் தினமும் பாக்குறீங்களே, சொல்லுங்க."

உஸ்தா திரையைப் பார்த்தார்.

"தெரியல கரீமான். இத்தன வருஷத்துல நானும் இப்பத்தான் கதைய பாக்குறேன்."