ஃபெயிலானால்தான் சீட்டு

என் கணவர் திண்டிவனத்தில் டியூஷன் சென்டர் நடத்துகிறார். மருந்துக் கடைக்கு மேல் மாடி, தகரக் கூரை, வாசலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளின் முகங்களோடு ஒரு பேனர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் தீராத பிரச்சினை என்று எதுவும் கிடையாது. பழைய கேள்வித்தாள் கிடைக்காத பிரச்சினைதான் உண்டு. என்னைப் பெண் பார்க்க வந்தபோதே என் அண்ணனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "உங்க அப்பா என்னென்ன கேப்பாரு?" என்று விசாரித்துக்கொண்டவர்.

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பேசுவாள், சிரிப்பாள், பாட்டுச் சத்தம் கேட்டால் ஆடுவாள். ஆனால் வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லை என்று டாக்டர்கள் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. யார் கையை நீட்டினாலும் பிடித்துக்கொண்டு கூடவே போய்விடுவாள். படித்துக்கொண்டிருந்த பள்ளியிலிருந்து ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே எழுந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டாள். பூ விற்கிற அம்மா ஒருவர் அடையாளம் கண்டு கொண்டுவந்து விட்டார். எனக்கு உயிர் போய் வந்தது. மறுநாள் தலைமை ஆசிரியை, "இதுக்கு மேல எங்களால பாத்துக்க முடியாதுங்க. தப்பா நினைச்சிக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க எனக்கு வேறு நிறைய விஷயங்கள் இருந்தன, அதனால் நினைக்கவில்லை.

ஊருக்குள்ளேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு சிறப்புப் பள்ளி இருக்கிறது. அதை நடத்தும் சிஸ்டர் பொறுமையாக எல்லாம் கேட்டார். "ஒரே ஒரு எடம்தான் இருக்கும்மா. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கினு வாங்க. நாப்பது சதவீதமாவது குறைபாடு இருக்குன்னு போட்டிருக்கணும். புள்ளைகிட்ட சில கேள்வி கேட்டுப் பாத்துட்டுத் தருவாங்க."

இவ்வளவிலும் என் கணவர் காதில் விழுந்தது ஒரே வார்த்தை: கேள்வி.

அடுத்த வாரமே விழுப்புரத்தில் போய் நின்று, டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த பெற்றோரை ஒவ்வொருவராக மடக்கியிருக்கிறார். "உங்க புள்ளைகிட்ட என்னா கேட்டாங்க?" பழத்தின் பெயர், காசை அடையாளம் காட்டுவது, இன்றைக்கு என்ன கிழமை, பெரியது எது சிறியது எது. எல்லாவற்றையும் பாடவாரியாகப் பிரித்து வீட்டுச் சுவரில் ஒட்டினார். முக்கியமான வினாக்களுக்குச் சிவப்பில் நட்சத்திரம். காலையில் பயிற்சி, சாயங்காலம் மீள்பார்வை, ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. மாதிரித் தேர்வில் நான்தான் டாக்டர். அவருடைய வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சமையல்கட்டிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சொந்த மகளிடம் "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏங்க, எதுக்குங்க இதெல்லாம்? இவளுக்கு வராதுன்னுதான அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புறோம்?" என்றேன்.

"பரீட்சைன்னு வந்துட்டா பரீட்சைதான். தயார் பண்ணாம அனுப்புனா நாளைக்கு நாலு பேரு என்னைத்தான் கேப்பாங்க. ஒரே எடம்தான் இருக்குன்னு சிஸ்டர் சொன்னாங்க இல்ல? போட்டி இருக்கும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளியில் சேர்ப்பது என்றால் பிள்ளையைத் தயார் செய்வது என்றே பழகிய ஊர் இது. பிரம்மதேசம் கிராமத்திலிருந்து என் நாத்தனார் ஃபோன் செய்து, "அண்ணி, புள்ளைக்கு வல்லாரைக் கீரை குடுங்க, பதில் டக்குனு வரும்" என்றாள். அதையும் துவையல் அரைத்துக் கொடுத்தேன்.

விழுப்புரம் போகிற நாளில் புதுப் பாவாடை, இரட்டைப் பின்னல், நெற்றியில் விபூதி. டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். படத்தை எடுத்துக் காட்டுவதற்குள் என் மகள் "மாம்பழம்!" என்றாள். அது மாம்பழம்தான். காசைக் கையில் எடுத்ததுமே "அஞ்சு ரூபா!" கிழமையை அவர் கேட்கவே இல்லை, இவளாகவே சொன்னாள். கதவருகே நின்ற என் கணவர், மாநிலத்திலேயே முதலிடம் வந்த பிள்ளையின் அப்பாவைப் போல வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

சர்டிபிகேட் வந்தது. இருபத்தைந்து சதவீதம்.

"இன்னாது, இவ்ளோ கம்மியா?" என்று அவர் பழக்கதோஷத்தில் மகளைத் திரும்பி முறைத்தார். மகள் நன்றாகச் செய்ததால்தான் குறைந்தது என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஆஸ்பத்திரி மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். "அப்ப ஒண்ணும் இல்லைன்னு சொல்லு!" என்று கிளியனூரிலிருந்து மாமனார், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை ஒரு மூட்டை அனுப்பிவைத்தார். பழைய பள்ளியோ, பேப்பரில் என்ன இருந்தாலும் பிள்ளை எழுந்து போவதை எங்களால் தடுக்க முடியாது என்றது. சிஸ்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டார். "இதை வச்சு நான் சேக்க முடியாதேம்மா. மறுபடியும் பாக்கச் சொல்லிக் கேளுங்க. ஜூன் வரைக்கும் எடத்தை வச்சிருக்கேன்." அந்தப் பள்ளிக்கும் வேண்டாம், இந்தப் பள்ளிக்கும் ஆகாது என்று என் மகள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படிக்குப் போனாலும் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் போவேன். ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இதற்கும் என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "எல்லாத்துக்கும் தெரியாதுன்னு சொல்லப் பழக்கிடலாம்." மாம்பழப் படத்தைக் காட்டி, "தெரியாதுன்னு சொல்லு" என்றார். அவள் "மாம்பழம் தெரியாது!" என்று கத்தினாள். நான் சுவரில் இருந்ததையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டேன். "என் புள்ளைய ஒரு நாளாவது புள்ளையா வுடுங்க" என்றேன். அவர் கீழே விழுந்த ஒரு துண்டை எடுத்து அவரே அடுப்பில் போட்டார்.

இரண்டாம் முறை விழுப்புரம் போனபோது டாக்டரம்மாவிடம் நான் நடந்ததை அப்படியே சொன்னேன், பஸ் ஸ்டாண்டு கதை உட்பட. முதலில் அவருக்குக் கோபம், அப்புறம் அடக்க முடியாமல் சிரிப்பு. படங்களையெல்லாம் மேஜை டிராயரில் போட்டு மூடினார். சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், தண்ணீர் மொண்டுவரச் சொன்னார், நிறைய நேரம் பார்த்தார். கடைசியாக, "பஸ் ஸ்டாண்டுல நிக்கிற. அம்மாவக் காணோம். என்னா பண்ணுவ?" என்று கேட்டார்.

என் மகள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இதோ இருக்காங்களே" என்றாள்.

"இப்ப இருக்காங்கம்மா. அம்மா இல்லைன்னா?"

"இருக்காங்க" என்றாள், டாக்டரம்மாவுக்குப் புரியவைப்பதுபோல. மூன்றாம் தடவை கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"போதும். சிஸ்டர் கேட்ட சதவீதம் வந்துடும், சீட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று எழுதிக்கொண்டே டாக்டரம்மா என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் சார், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சொல்லிக் குடுக்காம வுட்டுட்டீங்க?"

என் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு, தன்னிடம் படிக்கும் கடைசி பெஞ்சுப் பையன்களைப் போல நின்றார்.

"எனக்கே பதில் தெரியலைங்க மேடம்" என்றார்.