எழுதாமல் விட்ட கட்டம்

பள்ளிமுனைப் பெற்றிசியா மிஸி எங்கள் தீவின் சிறிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் பதினெட்டு வருடமாகத் தாதி. நான் பெனடிக்ற், அங்கே அம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அவரைப்போல் கண்டிப்பான ஆளை நான் கண்டதில்லை. மருந்து ஒரு நிமிடம் பிந்தினாலும் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுப்பார்.

அந்த வார்டுக்கு ஒரு தாள் வந்தது. வருத்தம் கடுமையான பிள்ளையின் மூச்சு, நாடி, விழிப்பு, உடம்பின் ஒட்சிசன் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட வேண்டும். மொத்தம் ஐந்தைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து, உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஏற்று என்று அர்த்தம். பிள்ளை வைத்தியர் இல்லாத இடத்தில் அந்தத் தாள்தான் வைத்தியர். ஒரு கட்டத்தையும் மிஸி விட்டதில்லை.

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் காலை, தாராபுரம் நஸார் மூன்று வயது மகள் நுஸ்லாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளைக்கு மூச்சிழுப்பு. பத்து விரலிலும் மருதோன்றி. விரலில் மாட்டிய கருவி ஒட்சிசன் எண்பத்துநான்கு என்றது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும்.

"பயப்பிடாதேங்கோ. மருதோன்றி விரலிலை மெஷின் பிழையாத்தான் காட்டும்," என்றார் மிஸி.

பெருநாள் காலத்தில் நாங்கள் எல்லோரும் சொல்கிற கதைதான் அது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார். மொத்தம் நான்கு.

ஒரு மணி நேரம் கழித்து, மனம் கேட்காமல், மருதோன்றி படாத கால்விரலில் மாட்டிப் பார்த்தார். எண்பத்தொன்று. கருவி முதலிலேயே உண்மையைச் சொல்லியிருக்கிறது.

ஒட்சிசனோடு ஏற்றினோம். நான் பறந்தேன். தீவுப் பாலம் தாண்டிச் சிறிது தூரத்தில் பின்னாலிருந்து மிஸியின் குரல் கேட்டது.

"மெதுவாப் போங்கோ, பெனடிக்ற்."

நுஸ்லா போய்விட்டாள் என்று விளங்கியது. சைரனை நிறுத்தினேன்.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ மிஸி, ஒருத்தருக்கும் தெரியாது," என்று அவருக்குப் புத்தி சொன்னவன் நான்தான். இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு நஸார் வீட்டுக்குப் போனார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

"அல்லாஹ் எழுதினது, மிஸி," என்றார் நஸார், நிலத்தைப் பார்த்தபடி.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. எழுதாமல் விட்டது நான்."

நஸார் எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அதன்பின் மிஸி யாரையும் ஏசவில்லை. அந்த ஏச்சு இல்லாத வார்டு எனக்குப் பிடிக்கவே இல்லை.

இந்த வருடப் பெருநாளுக்கு அடுத்த நாள், தாராபுரத்துத் தாய் ஒருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையோடு வந்தாள். நுஸ்லாவுக்குப் பிறகு வழக்கமாகிவிட்டபடி, மிஸி கருவியை மாட்டக் கால்விரலைத் தேடிக் குனிந்தார். தாய் பிள்ளையின் கையை நீட்டினாள். ஒன்பது விரல் சிவப்பு. சுட்டுவிரல் மட்டும் வெறுமை.

"நஸார் நானா பெருநாளுக்கு முன்னமே வீடு வீடா வந்து சொன்னவர், மிஸி. ஒரு விரல விட்டுட்டுப் பூசுங்கோ, மெஷினுக்கு வேணும் எண்டு."

மிஸி அந்தச் சின்ன விரலைப் பிடித்தபடி அழுதார். பிறகு கருவியை மாட்டி, தொண்ணூற்றேழு என்று கட்டத்தில் எழுதினார்.