நீலக் காரின் சொந்தக்காரி

காரில் விழுந்த கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பார் பாலிஷ் அக்கா. நகம் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் முகம் மலர்ந்துவிடும். "மேலாக்கத்தான் இருக்கு, வந்துடும்" என்பார். நகம் மாட்டிக்கொண்டால், தப்பெல்லாம் காருடையது என்பது போல அதை முறைப்பார்.

அறுபதைத் தாண்டியவர். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளந்து, திரைச்சீலை தைத்து, தானே கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது தொழில். கணவர் இறந்த பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். 'இந்த வயசில் எதற்கு?' என்று சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்களாம், அதனாலேயே கற்றுக்கொண்டாராம். வாங்கியது அடர்நீலக் கார். "சின்னக் கீறலைக்கூடக் காட்டிக் கொடுக்குமே அக்கா" என்றேன். "கொடுக்கட்டும் தம்பி. எனக்குப் பிடிச்ச கலர் இதுதான்."

சனிக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளம் முழுக்க அவர் ராஜ்ஜியம். வெயில் படாத மூலையில் காரை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருப்பார். ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் துணியோடு சேர்ந்து புதுக் கோடு போட்டுவிடும் என்று, ஏற்கெனவே கழுவிய காரை இன்னொரு தரம் கழுவுவார். பிறகு துணியில் பொட்டளவு பாலிஷ் பசை. அந்தத் துணியின் ஓரத் தையலை முதலிலேயே கத்தரித்து எறிந்திருப்பார். "கார் உடம்புக்குத் தையல்தான் முதல் எதிரி" என்று தையல்காரியே சொல்வதைக் கேட்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். கீழே விழுந்து மண் ஒட்டிய துணியை ஒருமுறை நான் உதறி எடுத்துக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இத்தனை பாடும் மகனுக்குப் பயந்துதான். பக்கத்து ஊரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். பாசக்காரப் பையன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்ததும் அம்மாவைப் பார்ப்பதற்கு முன்னால் காரைச் சுற்றிப் பார்ப்பான். "இன்னொரு கீறல் பார்த்தேன், சாவியை நான் எடுத்துட்டுப் போயிடுவேம்மா. சொல்லிட்டேன்." சாவி போனால் அக்காவின் பிழைப்பும் போகும், நினைத்த இடத்துக்குப் போகும் சுதந்திரமும் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் காரில் இடிபடாத பக்கமே கிடையாது. என்னிடம் இதுவரை ஒருவரும் சாவி கேட்டதில்லை.

போன வாரம் கேட் தூணில் பின்கதவு உரசிவிட்டது. சனிக்கிழமை அக்கா நகத்தை வைத்துப் பார்த்தார். மாட்டியது. ஆழமான கீறல், தேய்த்தால் போகாது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக்கொண்டார். கதவில் மேடாக ஓடும் வரியில் பெயிண்ட் மெல்லிசாகத்தான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே தேய்த்தார். துடைத்த துணியில் நீலம் ஒட்டியது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பூச்சின் சாம்பல் நிறம் பல்லைக் காட்டியது.

அக்கா வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பெருசா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம் அக்கா" என்றேன்.

"வேண்டாம் தம்பி." உப்புத்தாளைக் கசக்கி எறிந்தார். பிறகு குரல் ஏறியது. "திருடி மாதிரி தேய்ச்சிருக்கேன், என் சொந்தக் காரை! யாருக்குப் பயந்து? நான் பெத்தவனுக்கு!"

மறுநாள் மகன் வந்தான். நேராகப் பின்கதவின் அருகே குந்தினான். "என்னம்மா இது?"

நான் குறுக்கே புகுந்து, "வெயில்ல பெயிண்ட் தானா உரிஞ்சு..." என்று அளக்கத் தொடங்கினேன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி." அக்கா முன்னால் வந்து நின்றார். "கேட் தூண்ல நான்தான் உரசினேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு தேய்ச்சுக் கெடுத்ததும் நான்தான். இதுக்கு முன்னாடி விழுந்த கீறலையெல்லாம் நீ வர்றதுக்குள்ள அழிச்சிருக்கேன். இனிமே அழிக்க மாட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு ஆள் மேல இடிச்சிருக்கேனா, சொல்லு."

"அதுக்கில்லம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா..."

"நாளைக்கு ஒண்ணுன்னா நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னைக்கு ஒரு வீட்டுல ஜன்னலுக்குத் துணி மாட்டணும், காத்துக்கிட்டு இருக்காங்க."

மகன் எழுந்தான். முகம் இறுகியிருந்தது. "சாவியைக் குடும்மா" என்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

அக்கா காரருகே எடுத்து வைத்திருந்த திரைச்சீலை மூட்டையைத் தூக்கி அந்தக் கைகளில் வைத்தார். காரைச் சுற்றிக்கொண்டு போய், ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.