எலும்பு மண்டபத்தில் படித்தவர்

எழுபதுகளின் நடுவில், சிட்னியில் குடியுரிமை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் பன்னிரண்டு வருடம் கோப்புப் பார்த்த கண் எனக்கு. ஒரு பத்திரம் ஒழுங்காக இருந்தால், ஏன் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று இன்னொரு தரம் பார்ப்பேன்.

ஒரு பெப்ரவரியில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். துறைமுகச் சாப்பாட்டுச் சாலையில் சமையல்காரர். பிரான்சின் மேற்கு மூலையில், பிரெட்டனியில், ஒரு சின்ன நகரத்தில் பிறந்தவராம். கட்டாய இராணுவ சேவைக்கு முன்பே கப்பலேறி இங்கே இறங்கியவர். அதனால் பிரெஞ்சுத் தூதரகத்தின் படி மிதிக்கப் பயம். குடியுரிமை கிடைத்து, ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டும் யூலைக்குள் கையில் வேண்டும் என்றார்.

காரணமும் சொன்னார். அவருடைய நகரத்துத் தேவாலயத்தின் யூலை ஊர்வலத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு வெல்வெட் கொடி. அதைச் சுமக்கும் உரிமை பரம்பரையாக அவர்கள் வீட்டுக்கு. சுமந்துவந்த அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார். இந்த வருடம் அந்த வீட்டு ஆண் ஒருவர் போய் நிற்காவிட்டால் உரிமை வேறு வீட்டுக்குப் போய்விடும்; திரும்பாது.

"பிறப்புச் சான்றிதழ்?"

"நகர மண்டபம் யுத்தத்தில் எரிந்துபோச்சு, ஐயா. பதிவேடும் அதோடு போச்சு."

எரிந்துபோன பதிவேடுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தேவையான பக்கம் இருந்த புத்தகத்தைத்தான் நெருப்பு முதலில் தேடும். ஆனால் பிரெஞ்சுச் சட்டத்தில் பிறப்புப் பதிவேட்டை இரண்டு பிரதியாக எழுதுவார்கள். ஒன்று நகர மண்டபத்தில், மற்றது நீதிமன்றத்தில். அது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

நூலகத்தில் பிரெட்டனி பற்றிய பயண நூல் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு அவரை மறுபடி கூப்பிட்டேன். தேவாலயத்தை ஒட்டிய கருங்கல் மண்டபம் எதற்கு என்று கேட்டேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாதபோது பழைய எலும்புகளைத் தோண்டி அடுக்கிவைக்கும் மண்டபம் என்றது நூல்.

"அதுவா? அது பள்ளிக்கூடம். நான் அங்கேதான் படிச்சேன்" என்றார்.

அவருடைய பிரெஞ்சையும் சோதித்தேன். எங்கள் மொழிபெயர்ப்பாளர் பத்து நிமிடம் பேசிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிரெஞ்சு தட்டுத்தடுமாறித்தான் வருகிறதாம். போதாதா? கோப்பை நிறுத்திவைத்து, நீதிமன்றத்துக்கும் நகர மண்டபத்துக்கும் கடிதம் அனுப்பினேன்.

அன்று மாலை ரயிலில், பிளாக்டவுன் போகும் நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான்.

"பிரெஞ்சுக்காரனுக்குப் பிரெஞ்சு வராதாம். கேட்டீரே கதையை?"

"ஐசே, நீர் சிலோன்காரன்தானே? சிங்களத்திலை ஒரு வசனம் சொல்லும் பாப்பம்."

"அது வேறை."

"என்ன வேறை? உம்மை மேசைக்கு அங்காலை இருத்தி, நீர் சிங்களம் கதைக்கேக்கை ஆரும் பக்கத்திலை நிண்டு கேட்டா, அண்டைக்கே உம்மைக் கப்பலேத்தி விட்டிருப்பாங்கள்."

சிரித்தேன். கடிதம் போய்விட்டது, பதில் வராமல் கோப்பை நகர்த்த விதி இல்லை. விதி இருந்திருந்தாலும் நகர்த்தியிருப்பேனா என்பது சந்தேகம்.

யூலை போனது. ஓகஸ்டில் பதில் வந்தது. நீதிமன்றத்தில் இருந்த பிரதியில் அவர் பெயர், பிறந்த நாள், தகப்பனின் கையெழுத்து எல்லாம் சரி. நகர மண்டபச் செயலாளர் தனித்தாளில் எழுதியிருந்தார்: எலும்புகளை அடக்கம் செய்த பிறகு அந்த மண்டபம் நெடுங்காலம் பள்ளிக்கூடமாக இருந்தது, அங்கே பிரெஞ்சு பேசாமல் வீட்டு மொழியான பிரெட்டனில் வாய் திறந்த பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள்.

அவரைக் கூப்பிட்டு அனுமதிக் கடிதத்தை நீட்டினேன். அந்தச் செருப்பைப் பற்றியும் கேட்டேன்.

"முக்கால்வாசி நாள் என் கழுத்தில்தான்" என்றார். "அதனால்தான் பள்ளியில் எந்த மொழியிலும் வாய் திறக்காமலே இருந்து பழகிட்டேன். பிரெஞ்சு அப்படித்தான் வராமல் போச்சு."

"கொடி?"

"ரொட்டிக் கடைக்காரர் வீட்டுக்குப் போச்சு. நல்ல உயரமான பையன்களாம்."

கடிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கடவுச்சீட்டுக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்று பிறகு பார்த்தேன். பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. அந்தக் கோப்பில் இன்றைக்கும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.