மாமி வீட்டு முயல்குட்டிகள்

முயல் விற்றவர் இரண்டும் பெண் என்று சத்தியம் செய்துதான் கூட்டை என் கையில் தந்தார். அவருடைய சத்தியத்தை முயல்கள் வெகு சீக்கிரம் பொய்யாக்கிவிட்டன.

எங்கள் கொட்டாஞ்சேனை பிளாட்டில் மிருகம் வளர்க்க விடமாட்டார்கள். அதனால் என் முயல்கள் வெள்ளவத்தையில் மாமி வீட்டில் வளர்ந்தன. மாமி என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்யாதவர். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் மாடிகள் எழும்பிவிட, நடுவில் ஓட்டு வீடாக மிஞ்சி நின்றது அவருடையது மட்டும்தான். அவருடைய தாயும் தகப்பனும் அந்த வீட்டில்தான் படுக்கையில் கிடந்து இறந்தார்கள். இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது மாமிதான்.

அவர்கள் போன பிறகு, வீட்டை இடித்து மாடி கட்டுவதற்குக் கேட்டு ஒரு கட்டடக்காரர் வந்துபோகத் தொடங்கினார். அப்பாவுக்கும் கனடாவில் இருந்த சித்தப்பாவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மாமியை எங்கள் பிளாட்டில் என் அறையில் வைத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் போனிலேயே முடிவு செய்துவிட்டார்கள். மாமியிடம் கையெழுத்து வாங்கிக் காரியத்தை முடித்துவிட்டுப் போவதற்காகச் சித்தப்பா லீவு எடுத்துக்கொண்டு வந்திறங்கினார். மாமி மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுமுறைக்கு மாமியோடு தங்கி நின்றேன். பின்னறைக்குள் பெண் முயல் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் பிடுங்கி, மூலையில் வைத்திருந்த பெட்டிக்குள் கொண்டுபோய்ப் போட்டது. மறுநாள் காலையில் அந்த மயிருக்குள் ஏதோ நெளிந்தது. ஆறு குட்டிகள். உடம்பில் மயிரில்லை, கண் திறக்கவில்லை, காது தலையோடு ஒட்டிக் கிடந்தது. அழகாக இருக்கும் என்று நினைத்திருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம்.

சித்தப்பா வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார்.

"கிட்டப் போகாதை பிள்ளை. மனுசக் கை பட்டால் தாய் குட்டியைத் தின்னுடும். நாங்கள் சின்னனில கண்டனாங்கள்."

மாமி அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியில் நெடுநேரம் வாசித்தார். சித்தப்பா வெளியே போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்டும் தின்னாது. எங்கட மணம் அதுக்குப் பழக்கம். வா, வயிறு பார்க்கவேணும்."

ஆண் முயலை வேறு கூட்டுக்கு மாற்றினோம். கையைச் சவர்க்காரம் போடாமல் கழுவினோம். பெட்டிக்குள் கிடந்த வைக்கோலைக் கையில் தேய்த்துக்கொண்டு, ஒவ்வொரு குட்டியாக எடுத்துப் பார்த்தோம். வயிறு உப்பியிருந்தால் பால் குடித்திருக்கிறது. சுருங்கியிருந்தால் இல்லை. பார்த்து முடிந்ததும் மயிரை இழுத்து மூடிவிட வேண்டும். தாய் நாள் முழுக்கப் பெட்டிப் பக்கமே போகவில்லை என்று நான் அழப் பார்த்தபோது, அது இருட்டோடு ஒருமுறை வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும், குட்டி இருக்கும் இடத்தை மற்ற மிருகங்களுக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் தள்ளி நிற்கிறது என்று மாமி சொன்னார்.

கட்டடக்காரர் அளவு எடுக்க வந்த அன்று மாமி பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"உள்ளுக்குப் போகேலாது. முயல் குட்டி போட்டிருக்கு. ஆக்கள் போனால் தாய் தின்னுடும். தம்பியைக் கேளுங்கோ, அவருக்குத் தெரியும்."

சித்தப்பாவுக்கு மறுத்துச் சொல்ல வழியில்லை. கட்டடக்காரர் முன் விறாந்தையை மட்டும் அளந்துவிட்டுப் போனார். நான் மாமியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நாங்கள் தொடுறம்தானே?"

"நாங்கள் ஆக்களில்லை" என்றார் மாமி.

அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

சித்தப்பா திரும்பிப் போகும் நாள் நெருங்கியது. ஒருநாள் காலையிலேயே அப்பாவையும் கட்டடக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் பின்னறைக்குள் புல் போட்டுக்கொண்டிருந்தேன். மாமி ஓடிவந்து வாசலை மறித்துக்கொண்டு, மனுச மூச்சுக்கூடப் படக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்தேதான் கிடந்தது.

அப்போதுதான் கண்டேன். பெட்டிக்கு வெளியே, வெறும் சீமெந்துத் தரையில் ஒரு குட்டி. பால் குடித்தபடியே தாயோடு இழுபட்டு வந்து விழுந்திருக்க வேண்டும். முயல் பூனையைப் போல வாயால் கவ்வித் தூக்காது. விழுந்தது விழுந்த இடத்திலேயே விறைத்துப்போகும். அதன் பின்னங்கால் ஒருமுறை இழுத்தது, பிறகு நின்றுவிட்டது.

எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டால் மாமி சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அது எனக்கும் விளங்கியது. குனிந்து எடுத்தேன். தண்ணீரில் கிடந்த கல் மாதிரிக் குளிர்ந்திருந்தது. சட்டையைத் தூக்கி வயிற்றோடு ஒட்டி வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"அக்கா, பிள்ளை தொடுறாள்" என்றார் சித்தப்பா. பிறகு என்னிடம், "அதை வைச்சிட்டு வெளியில வா" என்றார்.

"மாட்டன்."

"பெரியாக்கள் சொன்னால் கேக்கவேணும்" என்றார் அப்பா.

"மாட்டன். இன்னும் சூடாகேல்லை."

அப்பாவிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அடி விழும் என்று காத்திருந்தேன். மாமி திரும்பி என்னைப் பார்த்தார். வாசலை மறித்திருந்த கையை எடுத்தார்.

"தொட்டால் ஒண்டும் செய்யாது தம்பி. நான் பொய் சொன்னனான். நாங்கள் ஒவ்வொரு நாளும் தொடுறனாங்கள்."

"பிறகேன் அக்கா இவ்வளவு நாளும்..."

"நேராச் சொன்னால் நீங்கள் கேக்கமாட்டியள் எண்டுதான். இப்ப நேராச் சொல்லுறன். நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டன். கையெழுத்தும் போடமாட்டன்."

"நாங்கள் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறம்" என்றார் சித்தப்பா.

"என்ர நன்மையை ஒருக்காலும் என்னட்டைக் கேக்கேல்லையே. அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்ட ஆள் தேவைப்பட்ட நேரம், 'அக்கா, அது உங்கட வீடுதானே' எண்டு சொன்னது நீ. இப்ப ஆரின்ர வீடு?"

கட்டடக்காரர் நல்ல மனிதர். குடும்பத்துக்குள் கதைத்துவிட்டுச் சொல்லுங்கோ என்று செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஒரு ரயில் கடற்கரையோரமாக நீளச் சத்தம் போட்டுக்கொண்டு போனது. என் வயிற்றில் ஏதோ கூசியது. குட்டி காலை உதைத்தது.

"உதைக்குது மாமி" என்றேன்.

"அப்ப கொண்டுபோய் மற்றதுகளோட விடு" என்றார். அவருடைய குரல் நடுங்கியதற்குக் காரணம் முயல் என்றே நினைத்தேன்.

சித்தப்பா கையெழுத்தில்லாமல்தான் கனடாவுக்குப் போனார். குட்டிகளுக்கு மயிர் முளைத்தது, கண் திறந்தது, பெட்டியை விட்டுக் குதித்து அறை முழுக்க ஓடித் திரிந்தன. தாய்ப்பால் மறந்ததும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். கடைசிக் குட்டி போன அன்று மாமி பின்னறையைத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். பெரிய முயல்கள் இரண்டையும் முற்றத்தில் தனித்தனிக் கூட்டுக்கு மாற்றியிருந்ததால் அறை வெறுமையாக இருந்தது. எனக்கு ஒரு நியாயம் தோன்றியது.

"மாமி, இப்ப குட்டிகள் ஒண்டும் இல்லைத்தானே. இனி அவையள் வந்து வீட்டைப் பார்க்கலாம் என்ன?"

மாமி தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார். கோபிக்கவில்லை. சிரித்தார்.

"ஓம், வரட்டும். நான் இருப்பன்" என்றார்.

அவர்கள் வருகிற நேரம் மாமி வெளியே எங்கும் போகமாட்டார், கதவைத் திறந்துவிட ஆள் இருக்கும் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.