பெர்லினில் கேட்ட நிந்தவூர் ஆலை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பெர்லின் ரயில் நிலையத்தில் இறங்கினேன். நான் கொழும்பில் வேலை செய்வது நெல் ஆலை இயந்திரங்கள் விற்கும் ஒரு கம்பனியில். புதிய இயந்திரம் ஒன்றைப் பழகி வரும்படி ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். பயிற்சி வெள்ளியோடு முடிந்தது. விமானம் ஞாயிறு மாலை. நடுவில் கிடைக்கும் இந்த ஒரு நாளுக்காகத்தான் பயணத்துக்கே சம்மதித்தேன் என்றால் முதலாளி நம்பமாட்டார்.

நான் தேடி வந்தது இசைத்தட்டுக் கடைகளை. அதிலும் 'இன்டஸ்ட்ரியல்' இசை விற்கும் கடைகளை. இரும்பு அடிபடும் ஓசை, மோட்டார் இரைச்சல், கிழிந்த ஸ்பீக்கரின் கரகரப்பு, இவற்றைக் கொண்டு ஆக்கும் இசை அது. வானொலியில் வராது. நூறு கசெட் அடித்தால் அதிகம். அறிந்தவர்கள் தேடிப்போய் வாங்குவார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் நிந்தவூரில் அதைக் கேட்டது இரண்டே பேர். ஒருவன் நான், மற்றவன் என் பள்ளித் தோழன் ஹஸீன்.

ஹஸீன் கேட்பதோடு நிற்கவில்லை. அவனுடைய மாமாவுக்கு ஒரு நெல் ஆலை இருந்தது. அறுவடைக் காலத்தில் கைப்பேசியோடு போய், உமி பறக்கும் குழாயடியிலும் பெல்ட் அடிபடும் இடத்திலும் வைத்துப் பதிவுசெய்வான். பிறகு கணினியில் வெட்டி, நீட்டி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றுவான். "இதென்னடா சைத்தான்ட சத்தம்? வீட்டுக்க அல்லாஹ்ட ரஹ்மத் வருமா?" என்று அவனுடைய வாப்பா கத்துவார். ஐரோப்பாவில் கசெட் வெளியிடும் ஒருவர் இணையத்தில் அதைக் கேட்டுவிட்டு, வெளியிட விரும்புவதாக எழுதினார். ஹஸீன் எல்லாவற்றையும் அனுப்பினான். அதற்குப் பிறகு அந்த மனிதரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. காத்திருந்து சலித்து, கணினியை விற்று, பக்கத்துக் கல்முனையில் கைப்பேசி திருத்தும் கடை போட்டான். அதைப்பற்றிக் கதைப்பதையும் விட்டுவிட்டான்.

முதலில் குறொய்ஸ்பேர்க் பகுதி. வரைபடத்தில் இருந்த கடை இப்போது கோப்பிக் கடை. சுவரில் நான்கு இசைத்தட்டுகளை அலங்காரத்துக்கு ஆணியடித்திருந்தார்கள். கோப்பி நாலரை யூரோ. குடிக்காமல் வெளியே வந்தேன். அங்கிருந்து நடந்து நொய்க்கெல்ன். அங்கே கடை இருந்தது, ஆனால் முழுவதும் நடனப் பாட்டு. கல்லாவில் இருந்தவர் தலை நிமிராமலே, "வெடிங் பக்கம் போய்ப் பார்" என்று ஒரு விலாசத்தை எழுதித் தந்தார்.

வெடிங்கில் கெபாப் கடை வைத்திருந்த துருக்கிக்காரருக்கு ஸலாம் சொல்லி விலாசத்தைக் காட்டினேன். அரைகுறை ஆங்கிலத்தில், "அந்த இரும்புச் சத்தக் கடையா? நல்ல பிள்ளையாகத் தெரிகிறாய், உனக்கு அங்கே என்ன வேலை?" என்று சிரித்துவிட்டுப் பின்வளவைக் காட்டினார்.

பின்வளவில் நிலவறைப் படிகள் இறங்கின. கீழே சுவர் முழுக்கக் கசெட். கடைக்காரிக்கு ஐம்பது வயதிருக்கும், ஒட்ட வெட்டிய நரைமுடி. என் ஊர் இலங்கை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இதை நீங்கள் கேட்கவேண்டும்" என்று ஒரு தட்டிலிருந்து கசெட் ஒன்றை எடுத்துத் தந்தார். அட்டையில் கூரையில்லாத, எரிந்த வீடு. ஆங்கிலத்தில் 'இலங்கைப் போரின் ஓலங்கள்' என்று தலைப்பு. ஆக்கியவர்: பெயர் தெரியாதவர்.

ஹெட்போனை மாட்டிவிட்டார். மோட்டார் மூன்று முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. எங்கள் ஊர் ஆலையின் அந்த இருமலை நான் எங்கே கேட்டாலும் அறிவேன்.

"இனி ஒரு மனிதக் குரல் வரும். எத்தனை முறை கேட்டாலும் என்னால் தாங்க முடிவதில்லை" என்றார்.

குரல் வந்தது. இழுத்து நீட்டி, எதிரொலிக்க விட்டிருந்தான் ஹஸீன். 'சாக்க இஞ்சால போடுடா!' ஆலையில் மூட்டை தூக்கும் ஒருவரின் குரல்.

"மூட்டையை இந்தப் பக்கம் போடு என்கிறார். இது நெல் ஆலை. ஆக்கியவன் என் நண்பன். அவனுக்குப் பெயர் இருக்கிறது" என்றேன்.

நான் சொன்னதைப் பொய் என்று அவர் நினைக்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது. ஏமாற்றம்தான். "அப்படியானால் இதை நான் என்ன சொல்லி விற்பது?" என்று கேட்டார். கெட்ட பெண் அல்ல. உண்மையாகவே கேட்டார்.

எங்கள் கரையில் யுத்தமும் நடந்தது, சுனாமியில் கடலும் வந்தது. இரண்டைப் பற்றியும் ஹஸீன் ஒரு சத்தமும் ஆக்கவில்லை. அவனுக்குப் பிடித்தது அந்த ஆலை. அதை அவருக்கு விளக்க என் ஆங்கிலம் போதவில்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, அட்டையில் அந்த எரிந்த வீட்டின் கீழே 'ஹஸீன், நிந்தவூர்' என்று தமிழில் எழுதினேன்.

"எழுதிவிட்டீர்கள். இனி இதைப் புதியதாக விற்க முடியாது" என்றார் மெதுவாக.

பதினான்கு யூரோ. வாங்கிக்கொண்டேன். அதே கசெட் இன்னும் மூன்று, பெயரில்லாமல் தட்டில் இருந்தன. வெளியிட்டவரின் விலாசம் கேட்டேன், அந்த ஆள் எங்கே போனார் என்று கடைக்காரிக்கும் தெரியவில்லை.

விமானத்தில் தூக்கம் வரவில்லை. ஹஸீனின் வாப்பாவுக்கு அது சைத்தானின் சத்தம், பெர்லினில் கேட்பவர்களுக்குச் சாவின் சத்தம். நெல் குத்தும் சத்தம் என்று கேட்க இரண்டு ஊரிலும் ஆளில்லை.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து பஸ் ஏறி, கல்முனையில் ஹஸீனின் கடைக்குப் போனேன். திறந்து கிடந்த போன் ஒன்றின் மேல் குனிந்திருந்தான். கசெட்டை முன்னால் வைத்தேன். கைகளைத் துடைத்துவிட்டு எடுத்தான். அதைப் போட்டுக் கேட்க அவனிடமும் கருவி இல்லை, என்னிடமும் இல்லை.

"இது எந்த ஊரு ஊடு மச்சான்?"

"தெரியாடா."

"ஆக்கள் வாங்குறாங்களா?"

"ஓம். அங்க ஒரு மனிசி ஒவ்வொரு நாளும் கேக்கிறாவாம்."

அவன் விரல் எரிந்த வீட்டுக்குக் கீழே போய் நின்றது. பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். என் கையெழுத்து அவனுக்குத் தெரியாததல்ல.

"பேரத் தமிழ்லயே போட்டிரிக்காங்க, என்ன?" என்றான், தலை நிமிராமல்.

"ஓம்" என்றேன்.